டின் அடுப்பும் 4,000 மீட்டர் உயரமும்

குளிர்பான டின் இரண்டின் அடிப்பாகங்களை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, விளிம்பைச் சுற்றி ஊசியால் துளை போட்டால் ஓர் அடுப்பு தயார். நடுக்குழியில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால் அரை நிமிடத்தில் துளைகள் வழியே நீலச் சுடர் வரிசையாக எழும். எடை 10 முதல் 15 கிராம். பம்ப் கிடையாது, வால்வு கிடையாது, பழுதாக எதுவும் கிடையாது. பள்ளி ஆய்வகத்துச் சாராய விளக்கைத் திரியில்லாமல், அகலமாகச் செய்துவிட்டதைப் போன்றதுதான் இது.

அமெரிக்காவின் நெடுந்தூர நடைபாதைகளில் இந்த அடுப்பு ஒரு தனி மரபாகவே வளர்ந்திருக்கிறது. பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைக்கூட அறுத்து எடை குறைக்கிறவர்கள் அங்கே நடக்கிறார்கள். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் ஓடும் ஜான் மியூர் பாதை 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரத்தில் முடிகிறது. பசிபிக் கிரெஸ்ட் பாதையின் மிக உயர்ந்த இடமான ஃபாரெஸ்டர் கணவாய் 4,009 மீட்டர். அந்த உயரங்களுக்கு டின் அடுப்பைச் சுமந்துபோய்க் காபி போட்டுக் குடித்தவர்கள் ஏராளம். கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் கோடை விடுமுறையில் அங்கே மலை ஏறுகிறார்கள்.

இருந்தும் இதைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதி தவறு. ஒரு சாரார் உயரத்தில் இது எரியவே எரியாது என்கிறார்கள். இன்னொரு சாரார் இதைவிடச் சிறந்த அடுப்பே இல்லை என்கிறார்கள். இரண்டு தரப்புமே உயரத்தைத்தான் பார்க்கின்றன. பார்க்க வேண்டியது வேறு: போகிற இடத்தில் தண்ணீர் ஓடுகிறதா, பனியாக உறைந்து கிடக்கிறதா, காற்று எப்படி வீசுகிறது, இரவில் குளிர் எவ்வளவு இறங்குகிறது. அடுப்பின் விதியை இவைதான் தீர்மானிக்கின்றன.

“மேலே ஆக்ஸிஜன் கிடையாது, எரியாது”

அதிகம் காதில் விழும் நம்பிக்கை இதுதான். மூச்சு வாங்குவதை உடம்பே உணர்கிறது. ஆகவே தீயும் மூச்சுத் திணறும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு கடற்கரையிலும் 21 சதவீதம், 4,000 மீட்டரிலும் 21 சதவீதம். குறைவது மொத்தக் காற்றழுத்தம். 4,000 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 சதவீதம். எரியும் மெழுகுவர்த்தியின் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் அணைந்துவிடுவது உள்ளே அழுத்தம் குறைவதால் அல்ல, ஆக்ஸிஜனின் பங்கு 16 சதவீதத்துக்குப் பக்கமாக இறங்கிவிடுவதால். மலை மேல் அந்தப் பங்கு இறங்குவதில்லை.

இதற்கு மலையேற்ற வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. 1952 மே 27 இரவு, எவரெஸ்டில் சுமார் 8,400 மீட்டர் உயரத்தில், சுவிட்சர்லாந்துக் குழுவைச் சேர்ந்த ரேமண்ட் லாம்பர்ட்டும் டென்சிங் நோர்கேயும் ஒரு சின்னக் கூடாரத்தில் மாட்டிக்கொண்டார்கள். தூங்கும் பை இல்லை, அடுப்பும் இல்லை. ஒரு காலி டின்னில் பனிக்கட்டியைப் போட்டு, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உருக்கி, நாக்கு நனையும் அளவு தண்ணீர் குடித்தார்கள். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். அந்தக் காற்றிலும் மெழுகுவர்த்தி எரிந்தது. எரிந்தும் அவர்கள் தாகம் தீரவில்லை என்பது இன்னொரு பாடம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்பிரிட்டுக்கு உயரத்தில் சில சாதகங்கள்கூட உண்டு. தண்ணீரைப் போலவே அதன் கொதிநிலையும் இறங்குகிறது. ஸ்பிரிட்டின் முக்கியச் சரக்கான எத்தனால் கடல்மட்டத்தில் 78 டிகிரியில் கொதிக்கும்; 4,000 மீட்டரில் 66 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே ஆவியாவது எளிது. அதன் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் மண்ணெண்ணெய் அளவுக்குக் கரி கக்குவதில்லை. சுடர் கீழே இருப்பதைவிடச் சற்றுத் தளர்ந்து, நீண்டு எரியும். கொதிக்க ஓரிரு நிமிடம் கூடுதலாகலாம். அவ்வளவுதான்.

உண்மையான எதிரிகள் குளிரும் காற்றும். சுடர் அருகே வந்ததும் ‘பக்’கென்று பிடித்துக்கொள்ளும் அளவுக்கு எத்தனால் ஆவி விட, அது குறைந்தது 13 டிகிரி வெப்பத்திலாவது இருக்க வேண்டும். சியராவில் 3,500 மீட்டரில் கோடைக்காலத்திலும் விடியற்காலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். இரவெல்லாம் பையின் வெளிப்பக்கம் கிடந்த ஸ்பிரிட்டுக்கு லைட்டரைக் காட்டினால், தண்ணீருக்குக் காட்டியதைப் போலவே அது சும்மா இருக்கும். குற்றம் உயரத்தின் மேல் விழுகிறது, செய்தது குளிர். எரிபொருள் புட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உடம்புச் சூடு ஏற்றினால் போதும், பற்றிக்கொள்ளும். இல்லையென்றால் அடுப்புக்கு அடியில் ஒரு சின்ன மூடியில் சில துளி ஊற்றி அதை முதலில் கொளுத்தி, அடுப்பைச் சூடாக்கலாம். அடுப்பைப் பனி மேலோ சில்லிட்ட பாறை மேலோ நேரடியாக வைத்தால் கீழ்வழியாகவே சூடு வடிந்துவிடும். ஒரு மரத்துண்டோ தடித்த அட்டையின் மேல் அலுமினியத் தாளோ இடையில் இருக்க வேண்டும். 1951 முதல் ஸ்பிரிட் அடுப்பு விற்றுவரும் சுவீடனின் டிராங்கியா நிறுவனம், குளிர்காலத்துக்கென்றே அடுப்பை அடியிலிருந்து சூடேற்றும் ஒரு துணைக்கருவியைத் தனியாக விற்கிறது. பித்தளையில் செய்த கடை அடுப்புக்கே அது தேவைப்படுகிறது என்றால், காகிதம் போல் மெல்லிய டின்னுக்கு எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

காற்று இன்னும் கொடியது. ஸ்பிரிட் சுடர் அழுத்தத்தோடு பீறிட்டு வருவதல்ல, மெல்ல எழுவது. கணவாயில் வீசும் காற்று அதைப் பாத்திரத்தின் அடியிலிருந்து பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். எரிபொருள் முழுக்கத் தீர்ந்தும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே நிற்கும். ஆகவே காற்றுத்தடுப்பு இல்லாத டின் அடுப்பைப் பாதி அடுப்பு என்றுதான் நான் சொல்வேன். அலுமினியத் தாளையோ மெல்லிய தகட்டையோ பாத்திரத்தைச் சுற்றி ஒரு விரல் இடைவெளியில் வளைத்து நிறுத்தி, அடியில் காற்று புகச் சில துளைகள் விட வேண்டும். அடுப்பின் வாய்க்கும் பாத்திரத்தின் அடிக்கும் உள்ள தூரம், தடுப்பின் உயரம், பாத்திரத்தின் அகலம் எல்லாம் சேர்ந்துதான் அடுப்பு. அனுபவசாலிகள் அடுப்பைவிடத் தடுப்புக்கு அதிக நேரம் செலவிடுவது இதனால்தான்.

ஓர் எச்சரிக்கை. உருளை மேல் திருகும் கேஸ் அடுப்பை இப்படிச் சுற்றி மூடக் கூடாது. சூடு திரும்பி உருளையையே தாக்கும்; வெடிக்கும் அபாயம் உண்டு. ஸ்பிரிட் அடுப்புக்கு உயிரான பழக்கம் கேஸ் அடுப்புக்கு உலை வைத்துவிடும்.

கேஸ் அடுப்பும் உயரத்தில் செத்துவிடும் என்பார்கள். அதுவும் குளிர் செய்யும் வேலையே. கடல்மட்டத்தில் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே போனால் பியூட்டேன் ஆவியாக மறுக்கும். 4,000 மீட்டரில் வெளியழுத்தம் குறைவு என்பதால் அந்த எல்லை மைனஸ் 13 டிகிரிக்கு அருகே தள்ளிப்போகிறது. உயரம் இங்கே உதவத்தான் செய்கிறது.

“துளை கூடினால் சூடு கூடும்”

கூடாது. ஊற்றிய ஸ்பிரிட்டில் உள்ள வெப்பம் ஊற்றிய அளவுதான். துளை அதிகமானால் அது சீக்கிரம் எரிந்து தீரும். சுடர் பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறி வானத்தைச் சூடாக்கும். நிதானமாக எரியும் அடுப்பு பெரும்பாலும் குறைந்த ஸ்பிரிட்டில் அதே தண்ணீரைக் கொதிக்க வைக்கும். மலையில் அவசரத்துக்குக் கொடுக்கும் விலை முதுகில் ஏறும்.

“உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது, எரிபொருள் மிச்சம்”

முதல் பாதி உண்மை. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்குகிறது. 3,000 மீட்டரில் 90 டிகிரி. 4,000 மீட்டரில் 87 டிகிரிக்குப் பக்கம். குமிழி விடுவது சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே நடந்துவிடும்.

ஆனால் பருப்பு வேகக் குமிழி போதாது, சூடு வேண்டும். பத்து டிகிரி குறைந்தால் வேகும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தோராயமான கணக்கு. ஊரில் 40 நிமிடத்தில் மலரும் பருப்பு 4,000 மீட்டரில் ஒன்றரை மணி நேரம் கேட்கும். டின் அடுப்பின் குழி கொள்வது 30 முதல் 60 மில்லி. அது பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். தீயைக் குறைத்து வைக்கவும் வழியில்லை. ஆக, டின் அடுப்பில் மலை மேல் பருப்பு வேகவைப்பது நடக்காத காரியம்.

1835 மார்ச்சில் சிலியின் பக்கமிருந்து ஆண்டிஸ் மலையைப் போர்ட்டில்லோ கணவாய் வழியாகக் கடந்த சார்லஸ் டார்வின் இதைக் கண்ணால் பார்த்தார். இரவு முழுதும் பானை நெருப்பின் மேலேயே இருந்தது. மறுநாள் காலையும் கொதிக்க வைத்தார்கள். உருளைக்கிழங்கு கல் போலவே இருந்தது. கூட வந்தவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பானை புதிது, அதற்கு உருளைக்கிழங்கு வேகவைக்க விருப்பமில்லை. டார்வினுக்குக் காரணம் தெரிந்திருந்தது. நடந்ததைச் சரியாகப் பார்த்துக் காரணத்தைத் தவறாகச் சொல்வது மலைச் சமையலில் இன்றும் தொடர்கிறது.

இமயமலைக்குப் போகும் குழுக்கள் பிரஷர் குக்கரைச் சுமப்பது இதனால்தான். நம் வீட்டுக் குக்கர் வெளியழுத்தத்துக்கு மேல் இன்னொரு வளிமண்டல அழுத்தத்தை உள்ளே சேர்க்கிறது. ஊரில் உள்ளே 120 டிகிரி. 4,000 மீட்டரிலும் 114 டிகிரிக்குக் குறையாது. ஆனால் குக்கரைச் சுமக்க ஆள் வேண்டும், அதற்கேற்ற பெரிய தீயும் வேண்டும். தனியாக முதுகுப் பையோடு நடப்பவருக்கு அது ஒத்துவராது. அவருக்கு வேகவைக்கத் தேவையில்லாத உணவுதான் சரி: அவல், முன்பே வேகவைத்து உலர்த்திய சோறு, வறுத்த ரவையில் செய்த உப்புமாக் கலவை, நூடுல்ஸ். கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி, பாத்திரத்தைத் தொப்பியிலோ கம்பளியிலோ பொதிந்து கால் மணி நேரம் வைத்தால் மிச்ச வேலையை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். டின் அடுப்பு வெந்நீர் போடும் கருவி. சமையல் செய்ய அதைக் கேட்கக் கூடாது.

இதோடு ஒட்டிக்கொண்டு வருவது ஓர் அச்சம்: 87 டிகிரியில் கொதித்தால் கிருமி சாகாதாம். சாகும். வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளை அழிக்க 70 டிகிரியே போதும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பாத்திரம் கொதிக்கத் தொடங்கும் முன்பே அந்த எல்லை தாண்டிவிடுகிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சுமார் 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க வைக்கச் சொல்வது பாதுகாப்புக்காகக் கூட்டிச் சொல்லும் கணக்கு. டின் அடுப்புக்காரருக்கு அந்த மூன்று நிமிடம் கொஞ்சம் கூடுதல் ஸ்பிரிட். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

“15 கிராம் அடுப்பு, அதனால் சுமை குறைவு”

தராசில் அடுப்பை மட்டும் வைத்தால் அப்படித்தான் தெரியும். எரிபொருளையும் வைக்க வேண்டும்.

ஒரு கிராம் எத்தனாலில் ஏறக்குறைய 27 கிலோஜூல் வெப்பம் இருக்கிறது. கேஸில் 45. மெத்தனாலில் 20 மட்டுமே. அரை லிட்டர் ஓடைத் தண்ணீரை நல்ல தடுப்போடு கொதிக்க வைக்க 20 மில்லி, அதாவது 16 கிராம் எத்தனால் ஆகும். கேஸ் என்றால் ஏழெட்டு கிராம். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்று வைத்தால் நாளுக்கு ஸ்பிரிட் 32 கிராம், கேஸ் 15 கிராம். டின் அடுப்பு, தடுப்பு, பிளாஸ்டிக் புட்டி எல்லாம் சேர்த்து 50 கிராம். திருகும் கேஸ் அடுப்பு 75 கிராம். சின்ன உருளையின் உலோகம் மட்டும் 100. உள்ளே கேஸ் 110. ஆகப் புறப்படும்போது 285.

மூன்று நாள் பயணத்துக்கு ஸ்பிரிட் சாமான் 150 கிராமுக்குள் முடிகிறது; கேஸ் அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஏழு நாளில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். அதற்கு மேல் நாள் கூடக் கூட, அல்லது ஒரே அடுப்பில் இரண்டு மூன்று பேர் குடிக்க வேண்டும் என்றால், வெற்றி மெல்லக் கேஸ் பக்கம் சாய்கிறது. ஜான் மியூர் பாதையில் நடுவழிப் பண்ணை ஒன்றில் உணவு நிரப்பிக்கொண்ட பின் விட்னி வரை சுமார் 175 கிலோமீட்டருக்குப் பாதையோரத்தில் கடை எதுவும் இல்லை. எட்டு, பத்து நாள் நடை. அங்கே இந்தக் கணக்கைப் போடாமல் டின் அடுப்போடு புறப்படுகிறவர் எடையைக் குறைப்பதாக நினைத்துக் கூட்டிக்கொள்கிறார். அதே பாதையின் பல பகுதிகளில் உணவைக் கரடியிடமிருந்து காக்கும் கெட்டியான பெட்டியைச் சுமப்பது கட்டாயம். அதுவே ஒரு கிலோவுக்குப் பக்கம் வரும். அந்தப் பையில் 100 கிராம் வித்தியாசத்துக்காகத் தகராறு செய்வது எனக்கு வீண் என்றே படுகிறது. டின் அடுப்பின் உண்மையான பலம் வேறு: ஸ்பிரிட் எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் பார்க்கலாம், தேவையான அளவு மட்டும் எடுத்துப்போகலாம், காலி உருளையைச் சுமந்து இறங்க வேண்டாம், நசுங்கினால் அடுத்த ஊரில் இன்னொரு டின் கிடைக்கும்.

எரிபொருளே சுமக்க வேண்டாம், சுள்ளி எரிக்கும் டின் அடுப்பு செய்துகொள்கிறேன் என்பவர்களும் உண்டு. காட்டுக்குள் அது சரியான யோசனை. மர எல்லைக்கு மேல் சுள்ளி ஏது? இருக்கும் இடத்திலும் அந்த உயரத்து மரங்கள் மிக மெதுவாகவே வளர்கின்றன. விழுந்த கட்டைதான் அங்குள்ள மண்ணுக்கு உரம். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 2,926 மீட்டருக்கு மேல் விறகுத் தீ மூட்டத் தடை இருப்பது இதற்காகத்தான்.

“பனி கிடக்கிற இடத்தில் தண்ணீருக்கு என்ன பஞ்சம்?”

இந்த ஒரு நம்பிக்கைதான் உயிர் வாங்கக்கூடியது.

பூஜ்ஜிய டிகிரிப் பனி ஒரு கிலோவைப் பூஜ்ஜிய டிகிரித் தண்ணீராக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரை 80 டிகிரி வரை ஏற்றிவிடலாம். அதாவது ஓடைத் தண்ணீர் கிட்டத்தட்டக் கொதிக்கும் நேரத்தில், பனி உருகி முடித்து இனிமேல்தான் சூடாகத் தொடங்கும். ஒரு லிட்டர் ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க 40 மில்லி ஸ்பிரிட் போதும் என்றால், பனியிலிருந்து தொடங்கினால் 80 மில்லிக்கு மேல் வேண்டும். காற்று வீசினால் இன்னும் கூடும்.

உயரத்தில் வறண்ட காற்றை இழுத்து இழுத்து மூச்சு விடுவதால் உடம்பு தண்ணீரை வேகமாக இழக்கிறது. ஒருவருக்கு நாளுக்கு மூன்று லிட்டராவது உள்ளே போக வேண்டும். எல்லாவற்றையும் பனியிலிருந்து எடுத்துக் கொதிக்க வைத்தால் நாளுக்குக் கால் லிட்டர் ஸ்பிரிட் தீரும். நான்கு நாளுக்கு ஒரு லிட்டர். அப்போது 15 கிராம் அடுப்பு என்ற பெருமைக்குப் பொருளே இல்லை. அதோடு, 60 மில்லிக்கு மேல் கொள்ளாத குழியை ஒவ்வொரு லிட்டருக்கும் மறுபடி நிரப்ப வேண்டும். களைத்த உடம்பு, விறைத்த விரல், மங்கும் வெளிச்சம். விபத்து நடப்பதும் தாகத்தோடு தூங்கப்போவதும் அந்த வேளையில்தான்.

லாம்பர்ட்டும் டென்சிங்கும் மறுநாள் சுமார் 8,600 மீட்டர் வரை ஏறித் திரும்பினார்கள். உருக்கிய தண்ணீர் போதாமல் அந்தக் குழுவினர் மேல் முகாம்களில் மிகக் குறைவாகவே குடித்திருந்தார்கள். பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூ இதைக் கூர்ந்து பார்த்தார். 1952இல் சோ ஓயு மலையில் தாமே ஆய்வு செய்துவிட்டு, 1953 எவரெஸ்ட் குழுவினரிடம் ஒன்றை வலியுறுத்தினார்: ஒவ்வொருவரும் நாளுக்கு மூன்று லிட்டர் அளவுக்குக் குடிக்க வேண்டும், அதற்குத் தகுந்த அடுப்பும் எரிபொருளும் மேல் முகாம் வரை போக வேண்டும். எவரெஸ்ட் வெற்றியைப் பற்றிப் பேசும்போது ஆக்ஸிஜன் உருளைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். கடைசி முகாமில் மண்ணெண்ணெய் அடுப்பு இரைந்து எரிந்துகொண்டிருந்தது. ஹிலாரியும் டென்சிங்கும் சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாற்றை வயிறு நிறையக் குடித்தார்கள். மே 29 காலை கல்லாக உறைந்த தம் பூட்ஸை அதே அடுப்பின் மேல் காட்டித்தான் ஹிலாரி இளக்கினார். அந்த அடுப்புக்கும் அந்த வெற்றியில் பங்கு உண்டு.

ஆக, எல்லைக்கோடு உயரத்தில் இல்லை. ஆகஸ்டில் 4,000 மீட்டர் சியராவில் ஓடையும் ஏரியும் இருக்கின்றன. டின் அடுப்பு தாராளமாகப் போதும். அதே பாதையில் மே மாதம் பனி மூடிக் கிடக்கும்போது, அல்லது வெறும் 2,500 மீட்டரில் குளிர்காலத்தில், அது போதாது. பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால் கேஸோ பம்ப் அடித்து எரிக்கும் பெட்ரோல் அடுப்போதான் பாதுகாப்பு. அதில் நான் எந்த விட்டுக்கொடுப்புக்கும் தயாரில்லை. (பனியை உருக்கும்போது பாத்திரத்தின் அடியில் ஒரு வாய் தண்ணீர் முதலில் ஊற்ற வேண்டும். வெறும் பனியைப் போட்டால் அடியில் உருகிய துளிகளை மேலுள்ள பனி உறிஞ்சிக்கொண்டு, பாத்திரம் காய்ந்து தீய்ந்துபோகும்.)

“ஸ்பிரிட் பெட்ரோல் மாதிரி இல்லை, ஆபத்து கிடையாது”

பெட்ரோலைவிடச் சாது என்பது சரி. தண்ணீரோடு கலக்கும் என்பதால் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியும். ஆனால் அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து எரிந்துகொண்டிருக்கும் அடுப்பில் புட்டியைச் சாய்த்தால், தீ தாரையின் வழியே ஏறிப் புட்டிக்குள் இருக்கும் ஆவியைப் பிடித்து, எதிரே இருப்பவர் மேல் பீய்ச்சி அடிக்கும். ஸ்பிரிட் அடுப்பில் நடக்கும் கொடிய தீக்காயங்களுக்கு இந்த ஒரு செயலே பெரும்பாலும் காரணம். அணைந்தது போலத் தெரிந்தால் கையை மேலே உயரத்தில் காட்டிச் சூடு பார்த்து, டின் குளிரும் வரை பொறுத்து, பெரிய புட்டியிலிருந்து அல்லாமல் சிறு அளவுக்குப்பியில் எடுத்து ஊற்ற வேண்டும்.

அடுத்தது, அடுப்பு கவிழ்ந்தால் நிறுத்த வால்வு கிடையாது. எரிகிற திரவம் அப்படியே ஓடும். 2012 மே மாதம் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகருக்கு வடமேற்கே, முகாமிட்டிருந்த ஒருவரின் ஸ்பிரிட் அடுப்பிலிருந்து தீ காய்ந்த புல்லுக்குத் தாவியது. ஹியூலெட் தீ என்று பெயர் பெற்ற அது 7,600 ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டுத்தான் அடங்கியது. அதனால்தான் வறண்ட கோடையில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் காடுகளில் பல இடங்களில், திறந்து மூடும் வால்வு உள்ள அடுப்பு மட்டுமே அனுமதி என்று உத்தரவு வருகிறது. டின் அடுப்பு அதில் அடிபட்டுப்போகும். கலிபோர்னியாவின் காடுகளில் அடுப்பு பற்றவைக்கவே இலவச அனுமதிச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். கையால் செய்த அடுப்பு என் சுதந்திரம் என்று வாதாடுகிறவர்களின் உணர்வு எனக்குப் புரிகிறது. எரிந்துபோன மலைச்சரிவு திரும்ப முளைக்க எத்தனை ஆண்டாகும் என்று யோசித்தால், அந்த உத்தரவின் பக்கமே நிற்கத் தோன்றுகிறது.

“கூடாரத்தின் வாயில் திறந்திருந்தால் போதும்”

எந்த அடுப்பும், ஸ்பிரிட் அடுப்பு உட்பட, கார்பன் மோனாக்ஸைடு விடும். குளிர்ந்த பாத்திரம் சுடரை நெருக்கும்போது எரிதல் முழுமையாகாமல் அது கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். ஏற்கெனவே ஆக்ஸிஜன் பற்றாக்குறையில் இருக்கும் மலையேறியின் உடம்புக்கு இது இரட்டை அடி.

இதில் மிகக் கொடியது அறிகுறிகளின் ஒற்றுமை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், குழப்பம்: உயர மலை நோய்க்கும் இவைதான், இந்த நச்சுக்கும் இவைதான். ‘உயரம் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறவர் நஞ்சின் நடுவிலேயே போய்ப் படுக்கிறார். 1934இல் அண்டார்டிகாவில் தனியாக ஒரு குடிசைக்குள் குளிர்காலத்தைக் கழித்த அமெரிக்கக் கடற்படைத் தளபதி ரிச்சர்ட் பைர்ட், புகைபோக்கி சரியில்லாத அடுப்பாலும் மின்சார எந்திரத்தின் புகையாலும் மாதக்கணக்கில் நச்சேறி உருக்குலைந்தார். அவரது வானொலிச் செய்திகள் குழறுவதைக் கவனித்த தோழர்கள் ஆகஸ்டில் இருட்டிலேயே பயணம் செய்துபோய் அவரைக் காப்பாற்றினார்கள். பைர்ட் அனுபவம் மிக்க பயணி. வாயு அதைப் பார்ப்பதில்லை.

அடுப்பு கூடாரத்துக்கு வெளியே, காற்றுக்கு மறைவான பாறைப் பக்கம் எரியட்டும். வெளியே நிற்கவே முடியாத புயலில் அன்றிரவு அவலைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிடலாம்.

“எந்த ஸ்பிரிட்டும் ஒன்றுதான்”

இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் புகையும் கரியுமாக எரியும். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கலந்திருந்தால் இன்னும் மோசம். எத்தனால் சிறந்தது. அமெரிக்க நடைப்பயணிகள் பெட்ரோல் நிலையங்களில் மஞ்சள் புட்டியில் விற்கும் ஹீட் என்ற கார் எரிபொருள் சேர்மத்தை வாங்கி ஊற்றுகிறார்கள், அது மெத்தனால். சுத்தமாக எரியும், குளிரிலும் எளிதில் பற்றும், எங்கும் கிடைக்கும். ஆனால் 10 மில்லி உள்ளே போனால் கண் பார்வை போகலாம்; 30 மில்லி உயிரையே எடுக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இதே திரவம்தான். தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும் என்பதால் கையில் பட்டால் உடனே கழுவ வேண்டும்.

முகாமில் இது தண்ணீரைப் போலவே தெளிவாக, பெரும்பாலும் தண்ணீர் விற்ற அதே பிளாஸ்டிக் புட்டியில் இருக்கும். இரவில் தாகத்தோடு எழுந்து இருட்டில் கை துழாவுகிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே எரிபொருளுக்குத் தண்ணீர்ப் புட்டி வேண்டாம். வேறு வடிவப் புட்டி, வேறு நிற மூடி, கழுத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தாலே தெரியும்படி ஒரு ரப்பர் வளையமோ முடிச்சுப் போட்ட கயிறோ. பைக்குள் தண்ணீர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இடம். குழந்தைகள் கூட வருகிறார்கள் என்றால் மெத்தனால் அந்தப் பயணத்துக்கு வரவே கூடாது.